ஒரே ஒரு ஆளுக்கு எழுதிய வரி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன வாரம் போன் செய்தபோது, "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று குசுகுசுவென்று சொல்லி வைத்துவிட்டாய். உனக்கு என்றைக்குத்தான் மீட்டிங் இல்லை?

என் கை இப்போது தோள் உயரம் வரை வருகிறது. அதற்கு மேல் தூக்கினால் முரண்டு பிடிக்கிறது. மார்பில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது சகஜம், பொறுமையாக இருங்கள் என்கிறார் டாக்டரம்மா. இருக்கிறேன். பொறுமையை மட்டும்தான் அவர்கள் இன்னும் வெட்டி எடுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்காக நான் தைத்துக்கொண்ட நைட்டியைப் பார்த்து ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி ஒன்று கேட்டாள். அவள் மூலம் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். இப்போது முன் அறையிலிருந்த கட்டிலைத் தூக்கிவிட்டு மெஷினைப் போட்டிருக்கிறேன். எதிர் வீட்டு அம்மா வந்து காஜா எடுத்து, பட்டன் கட்டித் தருகிறார். அவருக்குப் பட்டன் அம்மா என்றே பெயராகிவிட்டது. இன்டர்நெட்டில் எனக்கென்று ஒரு பக்கமும் திறந்தாயிற்று. "தரமான நைட்டிகள் நியாயமான விலையில்" என்று எழுதிப் போட்டேன். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

பழைய கம்பெனி வேலைக்கு இந்தக் கையோடு திரும்ப முடியாது. அத்தானின் பட்டறையும் பாதி நாள் மூடித்தான் கிடக்கிறது. இது ஓடினால்தான் உண்டு. கண்டவன் சரக்குக்கெல்லாம் வரி எழுதிக் கொடுக்கிறாயே, அக்காவுக்கு நாலு வரி எழுதக் கூடாதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். கைப் பயிற்சியை ஒரு நாள்கூட விட்டுவிடாதே. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் பக்கத்தைப் பார்த்தேன். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. "தரமான" என்று போட்டிருக்கிறாய். தரமில்லாதது இங்கே கிடைக்கும் என்று எவனாவது போர்டு வைப்பானா? எங்கள் ஆபீசில் யாராவது அந்தச் சொல்லை எழுதினால் பாஸ் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "வேற யாரும் சொல்ல முடியாததைச் சொல்லு, இல்லன்னா வாயை மூடிக்கிட்டு இரு" என்பார். வெட்டியே ஆளைக் கொல்வதால் அவருக்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நாலு வரி எழுதித் தரமாட்டேன். தந்தால் அடுத்த மாதம் இன்னும் நாலு வரி கேட்பாய். நீயே கற்றுக்கொள். படிக்கிறவளின் கட்டைவிரல் போன் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். உன் முதல் வரி அந்த விரலை நிறுத்த வேண்டும். நைட்டியைப் பற்றி எழுதாதே, அதைப் போட்டுக்கொள்கிறவளின் காலைப் பொழுதைப் பற்றி எழுது. எங்கே வலிக்கிறது என்று முதலில் சொல், மருந்தைப் பிறகு காட்டு. கடைசியில் ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்லிக் கேள். எல்லாவற்றையும் விட முக்கியம், ஊருக்கு எழுதாதே. ஒரே ஒரு ஆளுக்கு எழுது.

அதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். போனில் பேசினால் நீ கதையைச் சுற்றி வளைப்பாய். எனக்குக் கடிதமாக எழுது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் என்ன நடந்தது? அழகுபடுத்தாமல் நடந்ததை எழுது. அந்த ஒரே ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். வீட்டுப் பாடத்தை எழுதியிருக்கிறேன், திட்டாமல் படி.

வீட்டுக்கு வந்த அன்று உடை மாற்ற வேண்டும். இருந்ததெல்லாம் தலை வழியாகப் போடுகிற நைட்டிகள். கை மேலே போகாது. அத்தான் கத்திரிக்கோலை எடுத்து ஒரு புது நைட்டியின் முன்பக்கத்தை மேலிருந்து கீழ் வரை வெட்டினார். வெட்டி முடித்துவிட்டு, "நல்ல துணி, போச்சே" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரித்தால் தையல் இழுக்கும், அதனால் அழுதேன்.

பிறகு ஜிப் வைத்துப் பார்த்தேன். ஜிப்புக்கு இரண்டு கை வேண்டும், கீழே பிடிக்க ஒன்று, மேலே இழுக்க ஒன்று. என்னிடம் அப்போது இருந்தது ஒன்றரைக் கை. விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கும், அதன் நுனியில் ரத்த நீர் வடிகிற குப்பி. எழுந்து நடந்தால் அதையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதற்காக உள்பக்கம் ஒரு பை தைத்தேன்.

ஜிப்பை எடுத்துவிட்டுச் சின்னப் பட்டன் வைத்த பிறகும் அத்தான்தான் போட்டுவிடுவார். சுவரைப் பார்த்துக்கொண்டே போடுவார். என் பக்கம் பார்க்கமாட்டார். ஒரு பட்டன் மாறிப் போகும். நானும் சொல்லமாட்டேன், அவரும் கவனிக்கமாட்டார். கோணல் மாணலாக அன்றைக்கு முழுவதும் உட்கார்ந்திருப்பேன். அவரைக் குறை சொல்லவில்லை தம்பி. என்னாலேயே பார்க்க முடியாததை அவர் எப்படிப் பார்ப்பார்?

பழைய மழைக்கோட்டிலிருந்து பெரிய பட்டன்களைக் கழற்றி வேறொரு நைட்டியில் வைத்தேன். ஒரு நாள் காலையில் அவர் பால் வாங்கப் போயிருந்தார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, ஒற்றைக் கையால், கழுத்திலிருந்து முழங்கால் வரை அத்தனையையும் நானே போட்டேன். ஒன்றுகூட மாறவில்லை. டாக்டர் என்ன தேதி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். என் ஆபரேஷன் ஆஸ்பத்திரியில் முடியவில்லை, என் பட்டனை நானே போட்ட காலையில்தான் முடிந்தது.

இதை உன் அத்தானிடம்கூடச் சொன்னதில்லை. படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை, அதுவும் என் தொழிலில் இருந்துகொண்டு.

நீ பாஸாகிவிட்டாய். ஜிப்புக்கு இரண்டு கை வேண்டும் என்பதையும், உள்பையையும் உடனே பக்கத்தில் போடு. ஒன்றரைக் கையையும் போடு. அந்தப் பட்டன் வரி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அது இன்னும் பழுக்கவில்லை, கொஞ்சம் செதுக்க வேண்டும். எப்போது போடலாம் என்று நானே சொல்கிறேன்.

இங்கே நிலைமை சரியில்லை. பெரிய உடுப்புக் கம்பெனி ஒன்று புதிதாக எங்களிடம் வந்திருக்கிறது. வெட்டுக்கிளி எல்லார் தலையையும் உருட்டுகிறார். நான் எழுதியது மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவையும் சறுக்கினால் என் நாற்காலியில் வேறு ஆள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நீ இதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே.

கையைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் நாற்காலி பத்திரமா? அதை முதலில் எழுது.

"ஒன்றரைக் கை போதும்" என்று முதல் வரியில் போட்டேன். கீழே ஜிப்பைப் பற்றியும் பையைப் பற்றியும் எழுதி, "உங்களுக்கு எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று மட்டும் எழுதுங்கள், பையை அந்தப் பக்கம் வைத்துத் தருகிறேன்" என்று முடித்தேன். ஒரே ஒரு காரியம் கேட்கச் சொன்னாயே, கேட்டேன். தம்பி, எழுதினார்கள்! இடது என்று ஒருத்தி, வலது என்று ஒருத்தி. ஒருத்தி இரண்டும் என்று எழுதினாள். அதைப் படித்துவிட்டுப் பட்டன் அம்மா கொஞ்ச நேரம் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது தைக்க நேரம் போதவில்லை. வரி எழுதும் பைத்தியமும் பிடித்துவிட்டது. மருந்துச் சீட்டைப் பார்த்தாலும் எந்தச் சொல்லை வெட்டலாம் என்று தோன்றுகிறது. நேற்று அத்தான், "சாயங்காலம் சீக்கிரமா வீட்டுக்கு வந்துடுவேன்" என்றார். "சீக்கிரமான்னா எத்தனை மணிக்கு? பொதுவாப் பேசாதீங்க" என்றேன். முறைத்தார்.

பட்டன் வரி பழுத்ததா? அதைப் போட்டால்தான் நான் சொல்ல வந்தது முழுசாகும் என்று இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? என் கடிதம் கிடைத்ததா? போனையும் எடுக்கவில்லை. வேலைக்கு ஏதும் வினையா என்று அத்தான் கவலைப்படுகிறார்.

காத்திருந்து பார்த்து, பட்டன் வரியை நானே போட்டுவிட்டேன். செதுக்கவில்லை. உனக்கு எழுதியது எழுதியபடியே போட்டேன். என் எழுத்தைக் கண்டு நானே கூச்சப்பட்டுக்கொண்டிருந்தால் எப்போதுதான் தேறுவது?

அடுத்த மாதம் பெரிய பரிசோதனை இருக்கிறது. மறுபடி எங்கேயாவது தலை காட்டுகிறதா என்று பார்ப்பார்களாம். பயமாகத்தான் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இரண்டு வரியாவது எழுது.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

நலம். வேலைக்கு ஆபத்தில்லை. என்னை டீமுக்குத் தலைவனாக்கியிருக்கிறார்கள்.

பட்டன் வரியை எடுத்துவிடு. இன்றைக்கே எடுத்துவிடு. காரணத்தை நேரில் சொல்கிறேன். அதற்குப் பதிலாக இன்னும் நல்லதாக நானே நாலு வரி எழுதித் தருகிறேன்.

பரிசோதனை நல்லபடியாக முடியும். தேதியை எழுது. தைரியமாக இரு.

தம்பி


மே 14

தம்பிக்கு,

உன் நலத்தைப் பிறகு கேட்கிறேன். முதலில் இதைப் படி.

பட்டன் வரியை நான் எடுக்கவில்லை. காரணம் சொல்லாமல் எடு என்றால் யார் எடுப்பார்கள்? போன வாரம் ஒரு பெண் வந்தாள். தலைமுடி இப்போதுதான் குத்துக் குத்தாக முளைத்துக்கொண்டிருக்கிறது. பையிலிருந்து கடையில் வாங்கிய ஒரு நைட்டியை எடுத்து வைத்தாள்.

"இதுல இருக்கிற ஜிப்பை எடுத்துட்டு உங்க பட்டன் வச்சுத் தர முடியுமாக்கா?"

"இதை எங்கம்மா வாங்கினே?"

"போன்ல விளம்பரம் வந்துச்சு. அந்த வரியைப் படிச்சதும் அழுதுட்டேன். நம்மள மாதிரி பட்டவங்க யாரோதான் எழுதியிருக்கணும்னு நெனச்சு வாங்கினேன். வந்து பார்த்தா ஜிப்பு. ஒத்தக் கையால ஏத்த முடியல."

போனைக் காட்டினாள். நீ சொன்ன அந்தப் பெரிய உடுப்புக் கம்பெனியின் விளம்பரம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு பெண் சிரிக்கிறாள். ஆபரேஷன் ஆனவளால் அப்படித் தூக்க முடியுமா என்று கேட்க உங்கள் ஆபீசில் ஒரு ஆள் இல்லையா? அவள் தலைக்கு மேல் என் வரி. சொல்லுக்குச் சொல் என் வரி. கீழே, "எங்கள் வாடிக்கையாளர் ஒருவர்" என்று போட்டிருக்கிறது. பட்டனைச் சொல்லி ஊரையெல்லாம் அழ வைத்துவிட்டு ஜிப்பை விற்கிறீர்கள்.

பட்டன் அம்மா பொறுக்க முடியாமல், "இது எங்க வரிம்மா" என்று என் பக்கத்தைத் திறந்து காட்டினார். அந்தப் பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "நீங்க அவங்களைப் பார்த்துப் போட்டீங்களாக்கா?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் ஜிப்பைப் பிரித்தேன்.

இந்தத் திங்கட்கிழமை என் பக்கத்தை மூடிவிட்டார்கள். அடுத்தவர் விளம்பர வாசகத்தைத் திருடியதாகப் புகாராம். அவர்களுடையது மார்ச்சில் வந்ததாம், என்னுடையது ஏப்ரலில். தேதியைப் பார்த்தால் நான்தான் திருடி. வந்திருந்த ஆர்டர்கள், விலாசங்கள், யாருக்கு இடது, யாருக்கு வலது எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன.

உன்னைத் திட்ட எனக்கு நிறைய இருக்கிறது. அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். இப்போது நீ ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். அது என் அக்கா எழுதிய வரி, பிப்ரவரியிலேயே எனக்கு எழுதினாள் என்று பக்கத்தை மூடியவர்களுக்கு எழுதிக் கொடு. என் பக்கம் திறந்துவிடும். பரிசோதனை வருகிற வெள்ளிக்கிழமை. அதற்குள் செய்தால் மனதில் ஒரு பாரமாவது குறையும்.

அக்கா


மே 30

என் அன்பான அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை.

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கி எத்தனையோ தடவை கிழித்துவிட்டேன். மார்ச்சில் ஒரு நாள் மீட்டிங் அறையில் நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். கம்பெனிக்காரர்கள் எதிரில் இருந்தார்கள். வெட்டுக்கிளி என்னைக் கூப்பிட்டு, "நீ ஏதாவது வச்சிருக்கியா?" என்றார். வாயில் வேறு எதுவும் வரவில்லை. உன் வரி வந்தது. சொல்லிவிட்டேன். அவர் என்னிடமிருந்து ஒரு சொல்லைக்கூட வெட்டாமல் எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

உன் வரி ஆயிரக்கணக்கான பெண்களைத் தொட்டிருக்கிறது. அதை நினைத்து நீ பெருமைப்படலாம். ஆனால் நான் எழுதிக் கொடுத்தால் என் வேலை அன்றைக்கே போய்விடும். இந்தத் தொழிலில் வேறு எங்கேயும் சேர்க்கமாட்டார்கள். உன் கடிதமும் என்னிடம் இல்லை. நீ சொன்னபடியே கிழித்துவிட்டேன்.

ஒரு வழி யோசித்திருக்கிறேன். வெட்டுக்கிளியிடம் உன்னைப் பற்றி மெதுவாகச் சொன்னேன், வரியைப் பற்றி அல்ல, உன் உடம்பைப் பற்றி. அந்தச் சிரிக்கிற பெண்ணை எடுத்துவிட்டு உன் படத்தைப் போடலாம் என்கிறார். கீழே நீதான் அந்த வாடிக்கையாளர் என்று வரும். அப்போது அது உன் வரி என்றே ஆகிவிடும், யோசித்துப் பார். அவர்களுடைய நைட்டியைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். புகாரையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

சரி என்று ஒரு சொல் எழுது அக்கா, போதும்.

வெள்ளிக்கிழமை பரிசோதனை என்ன ஆயிற்று? முடிவு வந்ததா? எனக்குத் தூக்கமே இல்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு எழுது.

என்றும் உன்,
தம்பி


ஜூன் 10

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், முதலில் அக்காவாக, பிறகு உன்னிடம் பாடம் கேட்டவளாக.

"நான் நலமாக இல்லை" என்று தனி வரியாக வைத்திருக்கிறாய். என் விரல் நின்றது. அடுத்ததாக வலியைச் சொன்னாய், அந்த அறை, குனிந்த தலை. எனக்கே பாவமாக இருந்தது. பிறகு மருந்தைக் காட்டினாய். முடிவில் ஒரே ஒரு காரியம் கேட்டாய், சரி என்று ஒரு சொல். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. மன்னித்துவிடு என்பது மட்டும் எங்கேயும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அதை நீயே வெட்டினாயா, அல்லது எழுதவே தோன்றவில்லையா?

அந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு நான் நிற்கமாட்டேன். அதன் ஜிப்பைப் பிரித்துக் கொடுப்பதுதான் இப்போது என் பிழைப்பு. அந்தப் பெண் தன் கூட சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொருவராக வருகிறார்கள். ஆளுக்கு நாலு பட்டன் கட்டிக்கொடுத்து அடுப்பு எரியாது. பட்டன் அம்மாவை நிறுத்திவிட்டேன். "கூப்பிட்டா வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கம் திறக்காது என்று தெரிந்துவிட்டது. புதிதாக ஒன்று திறக்கலாம் என்கிறார் அத்தான். திறந்து என்ன எழுதுவது? எதை எழுதினாலும் யாருடையது என்று கேட்பார்கள்.

உன் விளம்பரம் இங்கே அத்தானின் போனுக்கும் வந்துவிட்டது. படித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "யாரோ உன்னை மாதிரியே எழுதியிருக்காங்க பாரு" என்றார். நான் எழுதியது என்று சொன்னேன். அவர் சுவரைப் பார்த்ததும், பட்டன் மாறியதும், நான் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததும் எல்லாம் சொல்ல வேண்டி வந்தது. வாழ்நாளில் அவருக்குத் தெரிய வேண்டாம் என்று வைத்திருந்தேன். அன்றிலிருந்து என் முன்னால் நிமிர்ந்து நிற்கமாட்டேன் என்கிறார்.

கிழித்துப் போடச் சொன்னேன், கிழித்தாயாம். எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு கிழித்திருக்கிறாய். ஒரே ஒரு ஆளுக்கு எழுது என்றாய். நான் பயிற்சிக்காக எழுதவில்லை. அந்த ஒரு ஆள் என் தம்பி என்பதால் எழுதினேன்.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். கேட்டுவிட்டு நானும் அத்தானும் ஆஸ்பத்திரி வாசலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா என்ன சொன்னார் என்று உனக்கு எழுதமாட்டேன். நல்லதாக இருந்தால் அதையும் விற்பாய். கெட்டதாக இருந்தால் இன்னும் நன்றாக விற்பாய்.

இனிமேல் கடிதம் போடுவதானால் உன் நலத்தை மட்டும் எழுது. என்னுடையதைக் கேட்காதே.

அக்கா